பதினேழாம் எண் முத்திரை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் இந்த விஷயத்தில் யாரைத் திட்டுவது? திட்ட வேண்டியவள் நானேதான்.

ஒரகடத்தில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. விமானப்படையின் சரக்கு விமானங்களுக்குப் பின்கதவைத் தாங்குகிற பிராக்கெட் செய்கிறோம். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடிப்போம். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு தெரியும். தெரியாவிட்டால் அதன் அட்டையில் என் முத்திரையைக் குத்துவேன். எண் பதினேழு. அது என் கையெழுத்து மாதிரி, வேறு யாரும் தொடக் கூடாது.

அது சட்டம். வழக்கம் வேறு. டீக்குப் போகும்போது முத்திரையை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போவோம், லைன் நிற்கக் கூடாது என்று. யாராவது குத்தி அனுப்பிவிடுவார்கள். கையோடு எடுத்துப் போனால், "கலெக்டரம்மா ஸ்டாம்ப்பை எடுத்துக்கினு போறாங்க" என்று கிண்டல் செய்வார்கள். நானும் வைத்துவிட்டுத்தான் போனேன்.

என் அண்ணன் விமானப்படையில் இருக்கிறான். சரக்கு விமானத்தில் ஆட்களையும் மூட்டைகளையும் எடை பார்த்து ஏற்றிக் கட்டி, கூடவே பறப்பது அவன் வேலை. போன் செய்தால் பழங்கதைதான். அந்தக் காலத்து டகோட்டா விமானம் காஷ்மீரில் படையை இறக்கியதையும், பாக்கெட் விமானம் மலையேறத் திணறியதால் அதன் முதுகில் இன்னொரு எஞ்சின் வைத்ததையும் நேரில் பார்த்தவன்போலச் சொல்வான். "சண்ட விமானத்ததான் எல்லாரும் பாப்பாவ. அரிசி கொண்டுபோறவன எவன் பாக்கான்?" என்பான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புது லாட்டின் முதல் பிராக்கெட்டிலேயே தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி செய்தேன், மறுபடி வந்தது. அடுத்ததிலும் அதே வளைவில் வந்தது. அதே உலோகக் கட்டியில் வெட்டிய ஆறு பிராக்கெட்டுகள் முந்தைய வாரமே போய்விட்டன. கோப்பில் இருந்த அவற்றின் அட்டை நகல்களை எடுத்துப் பார்த்தேன். ஆறிலும் பதினேழு, நேரம் பத்தேகால். பத்தேகாலுக்கு நான் கேன்டீனில் வடை தின்றுகொண்டிருப்பேன்.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "போனது போயிடுச்சும்மா. இன்னாத்துக்கு அதைக் கிளறிக்கினு கீற? உன் ஸ்டாம்ப்பு கீது, உன் வேலைதான் போவும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அன்று முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாள்தான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

முத்திரையை வாங்கிப் பூட்டினார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அன்றே விமானப்படைக்குத் தகவல் போய், கிடங்கில் இருந்த ஐந்தை ஒதுக்கி வைத்தார்கள். ஆறாவதைச் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு விமானத்தில் மாட்டிவிட்டார்களாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அதே மதியம்.

எந்த விமானம் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். வடக்குப்பட்டில் என் வாடகை அறையில் உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. பறக்கும்போது அணைத்துத்தான் வைப்பான். அது தெரிந்தும் இருபது தடவை கூப்பிட்டேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்றுவரை யோசித்துவிட்டேன், பாவி நான்.

அன்று நாலு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"ஏட்டி, எதுக்கு இத்தன தடவ கூப்பிட்டிருக்க? நாங்க பாதி வழியில திரும்பிட்டோம். பின்கதவு பிராக்கெட்டுல ஏதோ விரிசலாம், ஒடனே எறங்கச் சொல்லிட்டாவ. உள்ள நாப்பது பேரு இருந்தோம். எவனோ பாக்காமலே முத்திர குத்தி அனுப்பியிருக்கான். அவன் மட்டும் என் கையில கெடச்சாம்னா..."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீயும் இந்த வேலதான பாக்க? ஒவ்வொண்ணையும் பாத்துட்டுத்தான குத்துத?"

"ஆமாண்ணே" என்றேன்.