கண்ணுக்குக் கவாத்து

எனக்கு முதலில் வந்தது நோய் இல்லை, கெட்ட பெயர். ஈஸ்டர் பூசை முடிந்து தேவாலய வாசலில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி கை குலுக்க என் முன் கையை நீட்டியிருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். செடி வெட்டும் கவாத்து மெஷின் கைக்கு வந்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாக எங்கள் லயன் வீடுகள் முழுக்கப் பேச்சு. அந்தக் கை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கே அது தெரியாதே.

வீட்டிலும் இதே கதைதான். என் மனைவி ஸ்டெல்லா தேநீரை நீட்டிக்கொண்டு நிற்பாள், நான் வாங்கமாட்டேன். "வேணாம்னா வாயத் தொறந்து சொல்லுங்க" என்று டம்ளரை மேசையில் ‘ணங்’கென்று வைப்பாள். பொழுது சாய்ந்தால் வாசலில் இருக்கும் வாளியில் இடித்துக்கொள்வேன். பனிமூட்டம் என்பேன். கேமரன் மலையில் எந்தத் தப்பையும் மூட்டத்தின் மேல் போட்டுவிடலாம், அது மறுத்துப் பேசாது.

கடைசியில் ஸ்டெல்லாதான் என்னை ஈப்போவுக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். இரத்தம் எடுத்து, மரபணு (உடல் எப்படி அமைய வேண்டும் என்று பெற்றோரிடமிருந்து வரும் குறிப்பு) சோதித்தார்கள். நோயின் பெயர் விழித்திரை நிறமிச் சிதைவு. விழித்திரையில் (கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்கும் மெல்லிய படலம்) உள்ள செல்கள் ஓரத்திலிருந்து மடிந்துகொண்டே வரும். நடுப்பகுதி கடைசியில் போகும்.

அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று டாக்டர் கேட்டார். இளம் பெண், நம் தமிழ்ப் பெண்தான். அப்பா கட்டியது சொந்த அத்தை மகளை என்றேன். இருவரிடமும் ஒரே பிழை ஒளிந்திருந்தது, இரண்டும் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டன என்றார். என் தாய் தகப்பனைப் பிழை என்று சொன்னதாக எனக்குக் கோபம் வந்தது. 

அடுத்த முறை போனபோதுதான் மரபணுத் திருத்தம் (செல்லுக்குள் பிழை இருக்கும் இடத்தைத் தேடி, அங்கேயே வெட்டிச் சரிசெய்வது) பற்றிச் சொன்னார். அவர் நிறையச் சொன்னார். என் காதில் விழுந்தது ‘வெட்டி’ என்ற ஒரு சொல்தான். நான் கவாத்து ஆள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவோம். மலையே செத்துப்போன மாதிரி குச்சியாக நிற்கும். பிறகு எல்லாக் குச்சியிலும் துளிர் வரும். அப்படியென்றால் கண்ணிலும் வராதா? வீடு திரும்பியதும் கண்ணுக்குக் கவாத்து போடப் போகிறார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். "எப்பலா கவாத்து?" என்று கங்காணிகூடக் கேலி செய்தார். எனக்கு அந்தக் கேலி இனித்தது.

அந்த இனிப்போடுதான் டாக்டரிடம் போய், வெட்டினால் எத்தனை மாதத்தில் துளிர்க்கும் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. கவாத்து என்றால் என்ன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"செத்த செடிக்குக் கவாத்து போட்டா துளிர்க்குமா?" என்றார்.

"துளிர்க்காது."

"இதுவும் அப்படித்தான். உயிரோட இருக்கிற செல்லத்தான் திருத்த முடியும். போனது திரும்பாது."

வேறு மரபணுவில் பிழை உள்ள சிலருக்கு வெளிநாட்டில் செய்து பார்த்திருக்கிறார்களாம், சிலருக்குப் பார்வை கொஞ்சம் கூடியிருக்கிறதாம். என் பிழைக்கு இன்னும் மனிதர்களிடம் சோதனை தொடங்கவில்லை. தொடங்கும்போது என் கண்ணில் செல் மிச்சம் இருக்க வேண்டும்.

சந்தேகமான செடி என்றால் நாங்கள் கத்தி முனையால் பட்டையைக் கீறிப் பார்ப்போம், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்த ஞாபகத்தில் கேட்டேன்: "அப்ப உள்ள பச்சை இருக்கா டாக்டர்?"

அவர் என் விழித்திரைப் படத்தைப் பார்த்தார். "நடுவுல இருக்கு. கொஞ்சம்."

மலையேறும் வழியெல்லாம் அழுதேன். வண்டியை ஸ்டெல்லாதான் ஓட்டினாள்.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எப்போது குணமாகும் என்று டாக்டரைக் குடையாதீர்கள், அவர்களுக்கே தெரியாது. எந்த மரபணு, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். சொட்டு மருந்தில் சரியாக்குகிறேன் என்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது எனக்குத் தொழிற்சாலையில் தூள் மூட்டை கட்டும் வேலை. டாக்டர் முதலில் மரபணுத் திருத்தப் பேச்சை எடுத்தபோது எதிர்மலையில் கவாத்து முடிந்திருந்தது. அது துளிர்த்து, எத்தனையோ முறை கொழுந்து கொடுத்து, சில வருடம் போய் மறுபடியும் கவாத்துக்கு வந்துவிட்டது. நான் இன்னும் என் முறைக்குக் காத்திருக்கிறேன். எந்தக் கூட்டத்திலும் முதலில் கை நீட்டுகிறவன் நான்தான். சில நேரம் எதிரில் ஆளே இருக்காது.

என் ஏக்கம் பெரியது ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் ஸ்டெல்லாவின் கண் தெரியும், வாய் தெரியாது. வாயைப் பார்த்தால் கண் போய்விடும். அவள் முகத்தைப் பக்கத்தில் வைத்து ஒரே பார்வையில் முழுசாகப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் அந்த வைத்தியம் வேண்டும்.

தள்ளி நின்றால் முழுசாகத் தெரிவாள். குழாய் வழியாகப் பார்க்கிற பார்வை அப்படித்தான். சோதனை முடிந்த ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் அவள் என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து போவாள், முழுசாகத் தெரிந்ததும் நான் ‘போதும்’ என்பேன், நிற்பாள். இது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது.

போன வாரம் நான் கேட்பதற்கு முன்பே டாக்டர் சொன்னார்: "பச்சை இருக்கு. முன்னைக்குக் கொறஞ்சிருக்கு, ஆனா இருக்கு." வெளியே வந்து ஸ்டெல்லாவிடம் அதை அப்படியே சொன்னேன். "சரி, நான் போய் நிக்கிறேன்" என்று பின்னோக்கி நடந்தாள். வழக்கமாக நிற்கும் தூணைத் தாண்டினாள். அடுத்த தூணுக்குப் போனபோதுதான் நான் ‘போதும்’ என்றேன்.

கைப்பையும் சேலையும் முகமுமாக முழுசாக நின்றாள். சிரிக்கிறாளா என்று மட்டும் அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. அதைப் பார்க்க நடந்தேன். கிட்டப் போகப் போக முதலில் கால் போனது, பிறகு தோள், பிறகு வாய். கையை நீட்டினேன். அவள் கை அங்கே இருந்தது.