பிரிட்டிஷ் ராக்கும் எங்கள் ஆரஞ்சு கோனும்

போன மாதம் எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் மறுபடியும் எழுந்தது.

என் மகள் அபிராவுக்குப் பதினைந்து வயது. பிறந்தது கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கின் மொன்றியல், வளர்வது அதையொட்டிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோ. மூன்று தோழிகளுடன் ராக் பாண்ட் வைத்திருக்கிறாள். மைக்கைப் பிடித்தால் மட்டும் லண்டன்காரி. பாடுவதெல்லாம் பிரிட்டிஷ் ராக் — மழை, ஆறிய தேநீர், நேரத்துக்கு வராத ரயில், மூடிய தொழிற்சாலை...

சிக்கல் அங்கேதான். பள்ளிக் கச்சேரிக்கு இந்த முறை சொந்தப் பாட்டு வேண்டும், அதுவும் ‘என் நாடு’ பற்றி. இல்லையென்றால் மேடை கிடையாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். ஒரு வாரம்தான் இருந்தது. இவளிடம் ஒரு வரிகூட இல்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நான் சும்மா இருப்பேனா? ‘வெண்பனி போர்த்திய தாயே’ என்று ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

“அப்பா, இது டூரிஸ்ட் விளம்பரம்.”

“நாட்டைப் பற்றின பாட்டெண்டால் பெருமையாத்தானே இருக்க வேணும்?”

“இங்கிலீஸ் பாண்டுகள் பெருமையாவே பாடுறாங்கள்? ஊரைப் போட்டுத் திட்டுறாங்கள். ஆனா வேற ஆரும் திட்டினா விடமாட்டாங்கள்.”

யோசித்தால், சரிதானே? பாதி உலகத்தைப் பிடித்து ஆண்டவர்களின் பேரப்பிள்ளைகள், கிடாரை எடுத்ததும் நனைந்த சாக்ஸுக்காக அழுகிறார்கள். அவர்களுடைய தேசிய கீதத்தைவிட இந்த முணுமுணுப்பில்தான் எனக்கு இங்கிலாந்து தெரிகிறது.

“அப்ப நீயும் திட்டன்.”

“எதை? உங்கட யாழ்ப்பாணத்தையோ? நான் அங்க போனதே இல்லை. இந்த ஊரையோ? ‘எங்களுக்கு இடம் தந்த நாடு, குறை சொல்லாதை’ எண்டுதானே நீங்கள் என்னை வளத்தனீங்கள்!”

எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் சாலை வேலைக்குப் பாதையை மறிக்கும் ஆரஞ்சு கோன். அடுத்த தெருவிலும் கோன். வேலையாள் ஒருவரும் இல்லை; கோன் மட்டும் டியூட்டியில். மாற்றுப் பாதையில் திரும்பினால்... குழி! டயர் இறங்கியது, என் வாய் திறந்தது. தமிழ், ஆங்கிலம், கேள்விப்பட்ட கெட்ட பிரெஞ்சு — இருபது நிமிடம் மூடவில்லை. என் வாசலை மறித்துப் பனிமலையைக் கொட்டிவிட்டுப் போகும் மாநகராட்சி வண்டியையும் விடவில்லை.

மகள் போனில் பதிவு செய்ததை நான் கவனிக்கவில்லை.

கச்சேரியில் “இது அப்பா எழுதினது” என்று பிரெஞ்சில் சொல்லி என்னைக் கை காட்டினாள். லண்டன் உச்சரிப்பைக் காணோம். “இஞ்சையும் கோன், அங்கையும் கோன்” என்ற என் அலறல்தான் பல்லவி. மிச்சத் திட்டெல்லாம் பிரெஞ்சில். நாற்காலிக்கு அடியில் ஒளியலாமா என்று பார்த்தேன். அரங்கமோ எழுந்து நின்று “கோன், கோன்” என்று சேர்ந்து பாடியது!

பக்கத்து இருக்கையில் ஒரு கியூபெக் மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “மெஸ்யூ, இந்த ஊரை இப்படித் திட்ட வெளியாளால் முடியாது” என்றார் பிரெஞ்சில்.

குடியுரிமைப் பத்திரம் கைக்கு வந்த அன்றுகூட எனக்குக் கண் கலங்கவில்லை. அன்று கலங்கியது.

திரும்பும் வழியில் அதே கோன். இரண்டு நொடி அன்பாகப் பார்த்தேன். பிறகு திட்டினேன்.