ராஜ்கமலின் மந்திரம்

குடிகாடு கிராமத்து ராஜ்கமல் கார்டு விளையாடும்போது ஏதோ மந்திரம் முணுமுணுக்கிறான், அதனால்தான் ஜெயிக்கிறான் என்று கடலூரில் பேச்சு. கிளப்பிவிட்டவன் அவன் கூட்டாளி ஜெயப்பிரகாஷ்தான். "மந்திரம் இல்லன்னா என் மீசைய எடுத்துடுறேன் மச்சான்" என்று சவால் வேறு.

சிதம்பரத்தில் நடந்த கார்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், எதிரே உட்கார்ந்த சிவப்ரியா காதைத் தீட்டிக்கொண்டாள். கோயிலைச் சுற்றியே வளர்ந்தவளுக்கு மந்திரம் தெரியாதா? அவன் உதடு அசைந்தது. "ஒரு கார்டு எடுத்தேன். கையில அஞ்சு."

இதற்கா இத்தனை பில்டப்!

"நான் வேலை பாக்குற சிப்காட் கெமிக்கல் கம்பெனில வால்வைத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிட்டுத்தாங்க திறப்போம். அந்தப் பழக்கம்" என்று நெளிந்தான் ராஜ்கமல்.

ஜெயிப்பவருக்குச் சென்னைப் போட்டியில் இடம். வெற்றி அவன் பக்கம் சாய்ந்த நேரத்தில் அந்த வாய், "கையில ஏழு" என்றது. ஆறுதான் இருக்க வேண்டும். ரெண்டு கார்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. சிவப்ரியா கவனிக்கவே இல்லை. அவனே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். கூடுதலாக எடுத்தால் கையிலிருந்து ஒரு கார்டை நடுவர் பார்க்காமல் உருவிவிடுவார், அதுதான் விதி. அவர் கண்ணை மூடிக்கொண்டு உருவியது அவனுடைய நல்ல கார்டைத்தான்.

"உங்க மந்திரம் உங்களையே போட்டுக் குடுக்குதே!" என்று சிரித்தாள் அவள்.

அப்படியும் தட்டுத்தடுமாறி அவனே ஜெயித்தான். சென்னைக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. ஜெயப்பிரகாஷின் மீசை மட்டும் இன்னும் முகத்திலேயே இருக்கிறது. "தங்கச்சி கல்யாணம் முடியட்டும் மச்சான்" என்கிறான்.