நனைக்காத பிலிமில் விழுந்த மழை

பரளச்சியில் என் நண்பன் வேல்முருகன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் தெரிவது மழை இல்லை. என் கைப்பிழை. "மழதானலே?" என்று அவன் கேட்டான். "ஆமா" என்றேன் நான். அந்த ஒரு சொல் பொய்... மூன்று வருடங்களாக அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என்னைத் துயரத்தில் உழல்பவன் என்று எண்ணிவிடாதீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். பாளையம்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மரப்பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதற்கு உள்ளங்கை அகலத்தில் கறுப்பு வெள்ளை ஷீட் பிலிம் போட வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு தாள். மதியம் திரும்பி வந்து, குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, கதவிடுக்கில் பழைய கைலியைத் திணித்து, கும்மிருட்டில் நானே கழுவி எடுப்பேன். ஐம்பது வயதில் இப்படியொரு சந்தோஷம் யாருக்கு வாய்க்கும்!

ஆனால் நான் இந்த ஊர்க்காரன். குழாயில் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். போர் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. பிலிம் கழுவுவதில் முதல் வேலை என்ன தெரியுமா? உருவத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர் மருந்தில் போடும் முன்பு அதை ஒரு தட்டு நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அப்போதுதான் மருந்து எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் சீராகப் பிடிக்கும். ஊறியபின் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டுமாம்.

சும்மா நனைப்பதற்கு ஒரு தட்டு நல்ல தண்ணீரா... அதையும் சாக்கடையில் விடுவதா! எனக்கு மனசு வரவில்லை. அந்த வேலையையே விட்டுவிட்டேன். டெவலப்பரையும் தட்டின் அடி மறைகிற அளவுக்குத்தான் ஊற்றுவேன். தட்டை நாலு பக்கமும் மாற்றி மாற்றிச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். சிந்திவிடுமே என்று பயந்து, ஒரே பக்கமாக லேசாக ஆட்டுவேன். சின்னப் படங்களில் அது பெரிதாகத் தெரிந்ததில்லை.

வேல்முருகன் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவன் அப்பா பரளச்சியைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். அதே காட்டில் மூன்று ஏக்கரை இவன் சொந்தமாக வாங்கினான். அந்தக் குடும்பத்துக்கே அதுதான் முதல் நிலம். வாங்கிய ராசியோ என்னவோ, இரண்டு வருடம் வானம் ஏமாற்றியது. சுற்றிலும் சோலார் போடுவதற்கு விலைக்கு நிலம் கேட்டு வந்தார்கள். இவனும் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டான்.

"குடுக்கதுக்கு முன்னாடி, நானும் அவளும் காட்டுல நிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துத் தாலே" என்றான்.

எடுத்தேன். அவனும் அவன் மனைவி பஞ்சவர்ணமும் என்னைப் பார்த்து நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் வானம் வெளிறிக் கிடந்தது. ஒரு துண்டு மேகம் இல்லை. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்... இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல் நனைக்காமல் கழுவினேன். பெரிதாகப் பிரதி போட்டுப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஒரே வெளுப்பாக வந்திருக்க வேண்டிய வானத்தில், இடது மேலிருந்து காடுவரை சாம்பல் நிறத்தில் சாய்வாக ஒரு பட்டை! மருந்து சரியாகப் பிடிக்காத இடம் பிரதியில் கறுத்திருந்தது. கெட்டுப்போச்சு, இன்னொன்று எடுத்துத் தருகிறேன் என்று சொல்லத்தான் பரளச்சிக்குப் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

வாய் திறப்பதற்குள் அவன் படத்தை வாங்கிவிட்டான்.

"ஏ, பஞ்சவர்ணம், இங்க வா. நம்ம காட்டுல மழ எறங்குது பாரு."

"நாம அங்கனதான நின்னோம். ஒண்ணும் காங்கலையே" என்றாள் அவள்.

"நாம இவன் மூஞ்சியத்தான பாத்துட்டு நின்னோம். பின்னாடி நடந்தது இவனுக்குத்தான தெரியும்" என்றவன் என் பக்கம் திரும்பினான். "மழதானலே?"

ஏன் ஆமாம் என்றேன்? அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது... என் இடத்தில் இருந்தால், 'அது மழையில்லை, என் கைப்பிழை' என்று உங்களால் சொல்லியிருக்க முடியுமா? அவனுக்காகச் சொன்னேன் என்றுதான் வெகுகாலம் என்னையே நம்பவைத்தேன். பாதிதான் உண்மை. மறுபாதி என் மானம். 'நம்ம பாண்டி கேமரா' என்று ஊரெல்லாம் என் பெயரைச் சொல்லிப் பெருமை பேசுகிறவனிடம், எனக்குப் பிலிம் கழுவத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்!

படத்து மழையை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு, மறுநாளே சோலார் தரகரிடம் நிலத்தைத் தரவில்லை என்று சொல்லிவிட்டான்.

மக்காச்சோளம் போட்டான். அந்த வருடம் மழை நன்றாகவே பெய்தது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வருடம் பாதியில் காய்ந்தது. போன வருடம் முளைத்ததைப் பன்றி தின்றது. இப்போது சுற்றிலும் சோலார் தகடுகள், நடுவில் இவன் காடு மட்டும். விற்றிருந்தால் அருப்புக்கோட்டையில் ஒரு வீடு கட்டியிருப்பான். பஞ்சவர்ணம் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்காது. அவர்கள் என்னைக் குறை சொன்னதே இல்லை. போகும்போதெல்லாம் காபி தருகிறார்கள்.

என் பிழையைத் திருத்தியது யார் தெரியுமா? என் மனைவி சாந்தி. நனைக்கிற தண்ணீர் வீணாகிறதே என்று ஒருநாள் நான் புலம்பியதைக் கேட்டு, "அத ஏன் சாக்கடையில ஊத்துறீக? ஒரு வாளியில பிடிச்சு வைங்க, கக்கூஸுக்கு ஆகும்ல" என்றாள். இவ்வளவுதானா! ஒரு வாளி... ஒரே ஒரு வாளி அன்று எனக்குத் தோன்றவில்லையே!

இப்போது முறையாக நனைக்கிறேன். டெவலப்பரைத் தாராளமாக ஊற்றுகிறேன். வானம் பால் போல் ஒரே சீராக வருகிறது.

போன மாதம் வேல்முருகன் கடைக்கு வந்தான். "வெதைக்கதுக்கு முன்னாடி இந்த வருசமும் ஒண்ணு எடுலே. அன்னைக்கி மாதிரியே நிக்கோம்" என்றான்.

அதே இடத்தில் நிறுத்தி எடுத்தேன். நனைக்காமல் விட்டுவிடு, அந்த மழை மறுபடி விழும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. உங்களிடம் மறைக்கவில்லை. இருட்டில் தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன். பிறகு ஒழுங்காகவே கழுவினேன். வாழ்க்கையில் நான் எடுத்தவற்றில் அதுதான் மிகச் சுத்தமான பிலிம். உண்மையைச் சொல்லிவிடும் முடிவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படத்தை ஜன்னல் பக்கம் பிடித்து வானத்தையே தேடினான்.

"மொத எடுத்த அளவுக்கு இல்லையேலே" என்றான். "மழ ஒண்ணும் காங்கல."

இதுதான் தருணம்... நான் மூச்சை இழுத்தேன். மூலையில் விதை மூட்டைகள் அடுக்கியிருந்தன. பஞ்சவர்ணம் கையில் காபியோடு என்னைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் வரல போல. வந்துரும்லலே?" என்றான் அவன்.

"ஆமா" என்றேன்.