கொழுந்துக்குப் போன மூன்று வாரம்

மலேசியாவில் ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் நவமணி கல்யாணமாகி வந்த நாள் முதல் பூச்சிமருந்து அடித்தவள். கை நடுக்கம் வந்த பிறகுதான் பம்பை இறக்கிவைத்தாள். அந்தப் பம்பு மகள் ரூபினியின் முதுகில் ஏறிக்கொண்டது. மருந்தடித்துவிட்டு வந்தால் ரூபினிக்குத் தலைவலியும் வாந்தியும். நவமணி சுக்குத்தண்ணீர் வைத்துக் கொடுத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் வெளிநாட்டுக் குழு ஒன்று ரத்தம் எடுக்க வந்தது. அந்த மருந்தைத் தயாரிக்கிற நாடு தன் ஊரில் அதைத் தடை செய்துவிட்டு, வெட்கமில்லாமல் மற்றவர்களுக்கு விற்கிறது. அந்த வியாபாரத்தை நிறுத்த எல்லா நாடுகளும் மாநாடு கூடுகின்றன. மருந்தால்தான் கெடுதி என்பது சந்தேகம் என்று ஒரு நாடு கை தூக்கினால் போதும், பேச்சு அத்தோடு சரி. சந்தேகம் தீர, மருந்தடிக்கிறவர்களின் ரத்தம் வேண்டுமாம். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து விளக்கிச் சொல்ல வந்த நர்ஸ், மிஸ்ஸி விக்னேஸ்வரி, வழக்கம்போல வேலை செய்துவிட்டு வரச் சொன்னாள்.

நவமணிக்கு மனம் ஒப்பவில்லை. மருந்து வாடையோடு டாக்டர் முன்னால் கை நீட்டுவதாவது! தைப்பூச விரதக்காரர்களை, வேலை பிரித்துக் கொடுக்கிற கங்காணி சாமிநாதன் மருந்துப் பக்கமே விடமாட்டார், கொழுந்து பறிக்க அனுப்பிவிடுவார். அந்த வழக்கம் அவளுக்கு நினைவு வந்தது.

“ரத்தம் குடுக்கிறதும் நேர்த்திக்கடன் மாதிரிதாண்ணே. மேல் அழுக்கு போனாத்தான் உள்ள ஊறினது தெரியும்” என்று கங்காணியிடம் போய்க் கேட்டாள்.

கங்காணி இரக்கப்பட்டவர். மூன்று வாரம் மருந்தடிக்கிற பெண்கள் எல்லாரும் கொழுந்துக்குப் போனார்கள். ரூபினியின் முகம் தெளிந்தது. மஞ்சள் பூசிக் குளித்து, பூ வைத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுத்தாள்.

ரத்தம் படு சுத்தமாக இருந்தது. விற்கிற நாட்டுக்காரன் மாநாட்டில் அதைத் தூக்கிக் காட்டினான். நம் பக்கம் நின்ற நாடுகளும், நிச்சயமில்லாததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று பின்வாங்கின. முடிவு அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிப்போனது. சேதி சொல்ல வந்த மிஸ்ஸி, மூன்று வாரம் கொழுந்துக்குப் போன கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என் ரத்தத்த எடுங்க மிஸ்ஸி. என் கையப் பாருங்க” என்றாள் நவமணி.

“நீங்க அடிக்கிறத விட்டு நாளாச்சு ஆன்ட்டி. வயசாயிட்டா கை நடுங்கும்லா, மாநாட்டுல அப்படிம்பாங்க. பூசம் முடிஞ்சு ரத்தம் எடுக்கிறவங்க திரும்ப வருவாங்க. அதுவரைக்கும் ரூபினி விடாம அடிச்சாத்தான் ரத்தத்துல காட்டும்.”

தைப்பூசம் நெருங்கியது. காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்திலேயே ரூபினி வாந்தி எடுத்தாள். பால்குடத்துக்குப் பேர் கொடுக்கட்டும், கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார் கங்காணி. ரூபினி ஆசையோடு அம்மாவைப் பார்த்தாள்.

“இந்த வருஷம் வேணாண்ணே” என்றாள் நவமணி. “அவ அடிக்கட்டும்.”

ரூபினி முதுகைத் திருப்பினாள். நடுங்குகிற கையால் நவமணியே பம்பைத் தூக்கி மாட்டிவிட்டாள்.