மிச்சம் வைத்த தண்ணீர்

வேலுமணி போட்ட தட்டுப்போருக்குள் மழைத்தண்ணீர் இறங்கியதாகப் பல்லடம் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. சோளத்தட்டைச் சுற்றிலும் அடுக்கி, உச்சியைக் கூம்பாக முடித்து அவர் இறங்கினால், இரண்டு வருஷம் கழித்துப் பிரித்தாலும் உள்ளே பூஞ்சை இருக்காது. தோட்டத்துக்காரர்கள் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். வந்தவரை மாடு கட்டுகிற கட்டுத்தறிக்கு அந்தப் பக்கம் நிறுத்தித் தனி டம்ளரில் காப்பி கொடுப்பார்கள். இருந்தாலும் போர் என்று பேச்செடுத்தால் அவர் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு மரியாதையை வைத்துக்கொண்டுதான் மனுஷன் தலைநிமிர்ந்து நடந்தார்.

தொண்ணூற்றாறில் மழை பொய்த்தது. தட்டுக்கு எங்கே போவது? கோபிப் பக்கமிருந்து லாரியில் வைக்கோல் வந்தது. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அப்போதுதான் கால்நடை டாக்டர் பால் சொசைட்டி வாசலில் ஊரைக் கூட்டிச் செய்து காட்டினார். நாலு கிலோ யூரியாவை அறுபத்தைந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, நூறு கிலோ வைக்கோலுக்கு அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் இருபத்தொரு நாள் மூட வேண்டும். வைக்கோல் மெத்தென்று ஆகும், சத்தும் ஏறும்.

"ஆனா இந்தத் தண்ணிய மாடு குடிச்சுதுன்னா போச்சு. உடனே சொன்னா இத ஊத்திக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்று பையிலிருந்து வினிகர் பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினார். பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். கடைசிவரை நின்று கேட்டவர் வேலுமணி.

பாலுசாமிக் கவுண்டர் தோட்டத்தில் அவர் செய்த முதல் இரண்டு போரும் அருமையாக வந்தன. மூன்றாவது போரில் வைக்கோல் குறைந்துவிட்டது. கரைத்த தண்ணீரில் ஒரு குண்டா மிச்சம். ஆழ்குழாய்க் கிணற்றில் சொட்டுத் தண்ணீர் வராத காலம், குடிப்பதற்கே லாரித் தண்ணீர்தான். அதை மண்ணில் கொட்ட அவருக்குக் கை வரவில்லை. நாளைக்கு வைக்கோல் லாரி வந்தால் ஆகுமே என்று குண்டாவைப் போரடியில் வைத்துவிட்டு, தார்ப்பாயின் ஓரத்தை மண் போட்டு மூட அந்தப் பக்கம் போனார்.

மாடு மேய்க்கிற காளியாத்தாள் அந்த நேரத்தில்தான், போரடியிலிருந்து பார்த்தால் தெரிகிற வேலியோர மேய்ச்சலிலிருந்து வந்தாள். காரி மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தாகத்தோடு வந்த செவலை மாடு நேராகக் குண்டாவுக்குப் போனது. வேலுமணி திரும்பி வந்தபோது குண்டா காலி, விளிம்பில் மாட்டு எச்சில். யாரும் பார்ப்பதற்குள் அதைக் கவிழ்த்து வைத்தார்.

அரை மணி நேரத்தில் செவலை நடுங்கி விழுந்தது. வாயில் நுரை, வயிறு உப்பிக்கொண்டே போனது. டாக்டரும் வந்து சேர்ந்தார்.

"எதுல வாய் வெச்சுது?" என்று கேட்டார் பாலுசாமி.

"ஒண்ணுலயும் வெக்கலீங்க பண்ணாடி. வேலியோரம் புல்லுதானுங்க மேஞ்சுது" என்றாள் காளியாத்தாள்.

"சோளக்காட்டுக்குள்ள போச்சா?"

ஒரு மழைக்கு முளைத்து, முழங்கால் உயரத்திலேயே வாடி நின்ற சோளம். அதைத் தின்ற மாடு பிழைக்காது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"போகலீங்க. பாத்துட்டேதானுங்க இருந்தேன்."

டாக்டர் வேலுமணியைப் பார்த்தார். "யூரியாத் தண்ணி ஏதாச்சும் வெளிய இருந்துச்சா?"

திறந்து கிடந்த பைக்குள் அந்த வினிகர் பாட்டில் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இனி எவன் தன்னைப் போரடிக்கு விடுவான் என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"இல்லீங்க சார். பூராத்தையும் தெளிச்சுப்போட்டனுங்க."

அப்படியானால் சோளம்தான் என்று டாக்டர் சோள விஷத்துக்கான ஊசியைப் போட்டார். பொழுது சாய்வதற்குள் செவலை செத்தது. காளியாத்தாளை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்கள். மாட்டைப் பார்க்கத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் பேச்சு. வேறு எந்தத் தோட்டத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. கடைசியில் கோழிப்பண்ணையில் எச்சம் அள்ளப் போனாள்.

வேலுமணிக்கு ஒரு குறைவும் வரவில்லை. அதன் பிறகு மிச்சத் தண்ணீரைக் குழி வெட்டி ஊற்றி மூடினார். எவ்வளவு கவனமான ஆள் என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சலைக் கேட்டுக்கொண்டு அவர் சோறும் தின்றார்.

மூன்று வருஷம் கழித்து, பல்லடம் பஸ் ஸ்டாண்டில் காளியாத்தாள் அவரிடம் வந்தாள். கோழித் தூசியில் இருமல் பிடித்து ஆளே பாதியாகியிருந்தாள்.

"ஏனுங்ண்ணா, ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னிக்கு வெய்யில்ல நான் கண்ணசந்துட்டனுங்களா? எனக்கு நெனவே இல்லீங்க. ஆனா டாக்டரே சோளம்னு சொன்னாருங்களே. செவலைக்குக் கன்னுக்குட்டியில இருந்து நாந்தானுங்க தண்ணி காட்டுனேன். நானே கொன்னுபோட்டனுங்களா?"

கேட்டது மாடு போனதற்காக அல்ல, தன் புத்தியையே நம்ப முடியாமல் போனதற்காக. வேலுமணிக்கு அது புரிந்தது. புரிந்தும், அந்தப் பாவி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வெய்யக் காலமில்லீங்களா அம்மணி. அசந்திருப்பீங்க."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். பஸ் கிளம்ப, முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே படியில் கால் வைத்தாள்.

"நீங்க சொன்னாச் சரிங்ண்ணா. பக்கத்துல இருந்து பாத்தவரு நீங்கதானுங்களே."