நான் மஞ்சள் பூசிய ரோட்டுக் கல்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றை மறந்துவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது என் மூத்த மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். எங்கள் நிலம் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில், ரோட்டுக்குக் கிழக்கே. ரோட்டை ஒட்டி எங்கள் கிணறு. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்பு, பருப்பு வேகாது. எங்கள் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் குடத்தோடு வருவார்கள்.

ரோட்டுக்கு மேற்கே என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தாரின் நிலம். அவர் அதில் கொட்டகை போட்டு, சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கும் வேலை நடத்தினார். ரோடு கிழக்கே விரிந்தால் எங்கள் கிணறு போகும். மேற்கே விரிந்தால் அவர் கொட்டகை போகும்.

அளக்க வந்த ஓவர்சியர் வெயிலுக்கு ஒதுங்கியது அந்தக் கொட்டகையில். மூத்தார் அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்ததை, குழாய் உருட்டப் போயிருந்த நானே பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அப்போதே மனசு சரியில்லை.

ரோடு இதுவரை வரும் என்று காட்ட எங்கள் பக்கத்தில் வெள்ளையடித்த கல் ஒன்றை நட்டார்கள். கிணற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவில்தான் நட்டார்கள், அப்படித்தான் எனக்கு ஞாபகம். கிணறு தப்பியது என்று நிம்மதியாக இருந்தேன். நாலைந்து நாள் கழித்துத் தண்ணீர் எடுக்கப் போனால், கல் கிணற்றைத் தாண்டி எங்கள் பருத்திக்குள் நிற்கிறது.

வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நீ சரியாப் பாத்தியா? முன்னாடியே அங்கன இருந்திருக்கும்."

"இல்லீங்க. ஒங்க அண்ணன் நகட்டிட்டாரு."

"ஏ, வாய மூடு. சர்க்கார் கல்லத் தொட்டா கேஸுன்னு ஓவர்சியர் சொல்லியிருக்காரு. அவுக வரட்டும், கேப்போம்."

அவர்கள் வருவதற்குள் கல் இன்னும் நகர்ந்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டால்? எனக்குத் தோன்றியது ஒரே வழிதான். மஞ்சளை அரைத்துக் கல்லில் பூசினேன். குங்குமம் வைத்து வேப்பங்கொத்து செருகினேன். இனி எவரும் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அது ஆடி மாதம். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் அந்த ரோட்டில்தான் போகும். ஒருத்தி எலுமிச்சம்பழம் வைத்தாள். அடுத்து வந்தவர்கள் கண்ணாடி வளையல் வைத்தார்கள், சூடம் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் கல்லுக்குச் சிவப்புப் பாவாடை கட்டியாகிவிட்டது.

பிறகு ஓவர்சியரும் இஞ்சினீயரும் ஜீப்பில் வந்தார்கள். இஞ்சினீயர் படத்தை விரித்துப் பார்த்தார். "கல்லு இங்க இருக்கக் கூடாதே. கிணத்துக்கு ரோட்டுப் பக்கம்ல வரணும். பிடுங்கி மாத்துங்க" என்றார். ஓவர்சியர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையாட்கள் அசையவில்லை. "நாங்க புள்ளகுட்டிக்காரங்க சாமி. ஆத்தா குடியிருக்கா. வேணும்னா நீங்க புடுங்குங்க."

இஞ்சினீயரும் தயங்கினார். மூத்தார் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஆத்தா வந்து உக்காந்த எடத்த நாம மாத்தலாமுங்களா? படத்துல இருக்க கோட்டத்தான் கொஞ்சம் மாத்திப் போடுங்களேன்."

இஞ்சினீயர் பென்சிலை எடுத்தார். கோடு மாறினால் கிணறு போய்விடும். அதுவரை மூத்தார் முன்னால் நான் நிமிர்ந்து நின்றதுகூட இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அது ஆத்தா இல்லீங்க. எங்க வீட்டு அம்மியில அரச்ச மஞ்ச. நான்தான் பூசினேன்" என்றேன். அப்படியும் வேலையாட்கள் வரவில்லை. ஒருவன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி நானே நெம்பினேன். மூன்றாவது நெம்பலில் கல் சாய்ந்தது.

கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மூத்தார் மனைவி கத்தினாள். "அடிப் பாவி! ஆத்தாளையே புடுங்கிப்புட்டா! இவ கிணத்துத் தண்ணியவா இனி நாம குடிக்கணும்?"

"இல்லாத ஆத்தாள எப்படிக்கா புடுங்குறது?" என்றேன். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் அக்காவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

ரோடு கிணற்றை விட்டுவிட்டுப் போனது. ஆனால் மறுநாளிலிருந்து ஒரு பெண்கூடக் குடத்தோடு வரவில்லை. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நான் கல்லைப் பிடுங்கியதால்தான் என்று பேசினார்கள். காப்பாற்றிய தண்ணீரை நானே தனியாக இறைத்துக் குடித்தேன். கோடை வந்து, அவர்கள் நடந்து போய் எடுத்துவந்த ஊருணி வற்றியபோது ஒவ்வொருத்தியாக, ஒன்றும் நடக்காதது போல வந்தார்கள். அக்கா மட்டும் வரவில்லை. அவர்கள் வண்டியில் பீப்பாய் கட்டித் தூரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் அதோடு பேச்சு நின்றது. அவர்கள் வீட்டுச் சாவுக்குக்கூட நான் ரோட்டைத் தாண்டவில்லை.

கல்லை மூத்தார்தான் நகர்த்தினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நட்டவர்களே முதல் நாளில் தப்பாக நட்டு, நான்தான் மாற்றி நினைத்துக்கொண்டேனோ என்றும் இப்போது சில சமயம் வருகிறது. கல் நட்ட அன்று ஓவர்சியர் ஒரு நோட்டில் அளவு எழுதினார். அந்தக் காகிதம் சூலக்கரை கலெக்டர் ஆபீசிலோ வேறெங்கேயோ இருந்தால், விவரம் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லை முதலில் கிணற்றுக்கு எந்தப் பக்கம் நட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். தப்பு என்னுடையது என்றால், அதையும் இதன் கீழேயே எழுதிவிடுங்கள்.